அணில் ஜெயித்த ஆட்டம்

இரண்டுக்கு இரண்டாக மோதும் போகிமான் போட்டியில் பலசாலிகளைச் சேர்த்தால் மட்டும் போதாது. யாருக்காக யார் அடி வாங்குவது என்பதில் இருக்கிறது வியூகம்.

2014 ஆகஸ்ட். வாஷிங்டன் நகர மாநாட்டு மையத்தில் போகிமான் வீடியோ கேமின் உலக சாம்பியன்ஷிப் இறுதிச் சுற்று. தென்கொரியாவின் செஜுன் பார்க்கும் அமெரிக்காவின் ஜூடி அஸரெல்லியும் உள்ளங்கை அகலக் கருவிகளில் கண்ணைப் பதித்து எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே ராட்சதத் திரை. டிராகன்களும் பறக்கும் அசுரர்களும் உலவும் அந்தக் களத்தில் பார்க் இறக்கிவிட்டது ஓர் அணிலை.

பெயர் பச்சிரிசு. வெள்ளை உடம்பு, நீலக் கோடு, கன்னத்தில் மின்சாரம். குழந்தைகள் கொஞ்சுவதற்கென்றே வரைந்த உருவம். ஒவ்வொரு போகிமானுக்கும் உயிர், வேகம், தாக்கும் திறன், தாங்கும் திறன் என்று ஆறு வகையில் மதிப்பெண் உண்டு. ஆறையும் கூட்டினால் பச்சிரிசுவுக்குக் கிடைப்பது 405. பார்க்கின் அதே அணியில் இருந்த கார்ச்சாம்ப் என்ற டிராகனுக்கு 600. உலகப் போட்டிக்கு இந்த அணிலைக் கூட்டிவருவது ரஞ்சி ஆட்டத்துக்கு தெருப் பையனைக் கூட்டிவருவது போல. ஆனால் அடி மேல் அடி வாங்கியும் அது விழவில்லை. டிராகன் இனத்தின் மிக உக்கிரமான தாக்குதல்களில் ஒன்றான டிராகோ மீட்டியரைத் தாங்கி நின்றபோது அரங்கமே ஆர்ப்பரித்தது. பட்டம் பார்க்குக்கு.

ராமர் பாலத்துக்கு மணல் சுமந்த அணிலை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆனால் பார்க் செய்தது செண்டிமெண்ட் அல்ல, சுத்தமான கணக்கு. அதைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் விதிகளுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரி என்ற ஜப்பானியரின் யோசனையில் உருவானது போகிமான். அவரது கேம் ஃப்ரீக் நிறுவனம் தயாரித்த முதல் ஆட்டங்கள் 1996 பிப்ரவரியில் நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்கு வந்தன. காட்டிலும் கடலிலும் விநோத ஜந்துக்களைப் பிடிப்பது, வளர்ப்பது, மோதவிடுவது. இரண்டு கருவிகளை ஒரு கேபிளால் இணைத்து நண்பனோடும் மோதலாம். அப்போதெல்லாம் ஒன்றுக்கு ஒன்றுதான். இரட்டையர் மோதல் வந்தது 2002-ல், ரூபி, சஃபையர் என்ற ஆட்டங்களில். 2009-லிருந்து உலக சாம்பியன்ஷிப்பில் வீடியோ கேமுக்கும் இடம் கிடைத்தது. அங்கே நடப்பது இரட்டையர் ஆட்டம். நம் ஊர்களில் போகிமான் என்றால் டி.வி. கார்ட்டூன், மஞ்சள் பிகாச்சு என்பதோடு பெரியவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மஞ்சள் பொம்மைக்குப் பின்னால் சதுரங்கமும் சீட்டாட்டமும் கலந்த ஒரு விளையாட்டு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

விதி இதுதான். ஒவ்வொருவரும் ஆறு போகிமான்களோடு வருகிறார்கள். ஒரே இனம் இரண்டு கூடாது. அவை கையில் வைத்திருக்கும் மருந்து, பழம் போன்ற பொருள்களிலும் ஒன்று இரண்டாக வரக்கூடாது. எதிராளியின் ஆறு பேரையும் திரையில் பார்த்துவிட்டு, 90 விநாடிக்குள் தன் ஆறில் நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் இருவர் களத்தில், இருவர் பின்னால். நான்கைத் தேர்வு செய்ய 15 வழிகள். ஒவ்வொன்றிலும் முதல் ஜோடிக்கு 6 வழிகள். ஆக, ஒரு அடிகூட விழாத நிலையில் 90 விதமாக ஆட்டத்தைத் தொடங்கலாம். எதிராளிக்கும் அதே 90.

பிறகு சுற்று சுற்றாக ஆட்டம். இருவரும் ஒரே சமயத்தில், ரகசியமாக, தங்கள் இரண்டு போகிமான்களுக்கும் கட்டளை கொடுத்துவிடுகிறார்கள். அதன்பின் வேகம் கூடியது முதலில் செயல்படும். இங்கேதான் சதுரங்கத்திலிருந்து இது விலகுகிறது. சதுரங்கத்தில் எதிராளி நகர்த்தியதைப் பார்த்து நகர்த்தலாம். இங்கே அவர் என்ன செய்யப் போகிறார் என்பதை ஊகித்து நகர்த்த வேண்டும்.

போகிமான்களில் 18 வகை. நீர் நெருப்பை அடித்தால் இரட்டிப்பு சேதம். நெருப்பு நீரை அடித்தால் பாதி. தரை வகையை மின்சாரம் தொடவே முடியாது. பல போகிமான்கள் இரண்டு வகைகளைச் சேர்ந்தவை என்பதால் பலவீனம் நான்கு மடங்காகவும் ஆகலாம். இதை எந்தப் பத்து வயதுப் பையனும் மனப்பாடமாகச் சொல்வான். ஒன்றுக்கு ஒன்று ஆட்டத்தில் இந்த வாய்ப்பாடே பாதி கிணறு தாண்ட உதவும். இரட்டையரில் உதவாது. காரணம், பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார்.

கேரம் டபுள்ஸ் ஆடியவர்களுக்கு இது பழகிய விஷயம். தன் காயை மட்டும் போடுபவன் நல்ல பார்ட்னர் அல்ல. எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு வாகாகக் காயை நகர்த்தி வைப்பவன்தான் தேவை. போகிமானிலும் அப்படியே. ‘ஹெல்பிங் ஹேண்ட்’ என்ற கட்டளையால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. ஆனால் பக்கத்தில் இருப்பவரின் அடி ஒன்றரை மடங்காகும். ‘ஃபேக் அவுட்’ களமிறங்கிய முதல் சுற்றில் மட்டுமே பலிக்கும். சேதம் சொற்பம். ஆனால் அடி வாங்கியவர் திடுக்கிட்டு அந்தச் சுற்றில் எதுவும் செய்ய மாட்டார். இரண்டில் ஒருவரைக் கட்டிப்போட்டாயிற்று. இன்னொருவரை உங்கள் கூட்டாளி கவனித்துக்கொள்வார்.

கூட்டாளியால் ஆபத்தும் உண்டு. ‘எர்த்குவேக்’ என்ற நிலநடுக்கம் எதிரிகள் இருவரையும் தாக்கும், உங்கள் ஆளையும் சேர்த்து. அதனால் நிலநடுக்கக்காரனுக்குப் பக்கத்தில் காலைத் தரையில் ஊன்றாத பறவை வகையை நிறுத்துவார்கள். ஒரே நேரத்தில் இருவரைத் தாக்கும் கட்டளைகளின் பலம் முக்கால் பங்காகக் குறைந்துவிடும் என்றாலும், இரண்டு முக்கால் சேர்ந்தால் ஒன்றரை. கணக்குத் தெரிந்தவர்கள் விட மாட்டார்கள்.

புதிதாக ஆட வருகிறவர்கள் அலட்சியப்படுத்துவதும், பழுத்தவர்கள் கிட்டத்தட்ட எல்லா போகிமானுக்கும் கற்றுக்கொடுப்பதும் ஒன்றே: ‘புரொடெக்ட்’. அந்தச் சுற்றில் அடி எதுவும் படாமல் ஒதுங்கி நிற்பது. அடுத்தடுத்துச் செய்தால் இரண்டாவது முறை பலிக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். ஒதுங்கி நின்று என்ன லாபம்? எதிரிகள் இருவரும் சேர்ந்து ஒருவனைக் குறிவைத்தால், அவன் ஒதுங்கிய மாத்திரத்தில் இரண்டு தாக்குதல்களும் வீண். அதற்குள் அவன் கூட்டாளி சுதந்திரமாக ஒரு அடி போட்டிருப்பான். இன்னொரு லாபம், நேரம். ‘டெயில்விண்ட்’ என்ற பின்காற்று நான்கு சுற்றுகளுக்கு ஓர் அணியின் வேகத்தை இரட்டிப்பாக்கும். ‘டிரிக் ரூம்’ இன்னும் விஷமத்தனமானது: ஐந்து சுற்றுகளுக்கு உலகம் தலைகீழ், மெதுவானது முதலில் செயல்படும். அதை ஏற்படுத்தும் சுற்றும் ஐந்தில் சேர்த்தி. உண்மையில் கிடைப்பது நான்கு. அந்த நான்கில் இரண்டை ஒதுங்கியும் ஆள் மாற்றியும் கரைத்துவிட்டால் எதிராளியின் திட்டம் பாதி காலி.

இப்போது பார்க்கின் கணக்கு. அவரது முக்கிய அடியாட்களில் இருவர் கியாரடோஸும் டேலன்ஃப்ளேமும். ஒன்று நீர்-பறவை, இன்னொன்று நெருப்பு-பறவை. கியாரடோஸுக்கு மின்சாரம் என்றால் நான்கு மடங்கு சேதம். டேலன்ஃப்ளேமுக்கு இரண்டு மடங்கு. அந்த ஆண்டுப் போட்டிகளிலோ ரோட்டம், ஜாப்டாஸ் என்று மின்சாரக்காரர்கள் நிறைய. பச்சிரிசுவுக்கு ‘ஃபாலோ மீ’ தெரியும். கூட்டாளியைக் குறிவைத்து வரும் தாக்குதலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் கட்டளை. அதோடு, மின்சாரத்தை உறிஞ்சும் இயல்பும் உண்டு. மின்சாரம் பட்டால் அதன் உயிர் குறைவதற்குப் பதில் கால் பங்கு கூடும். கியாரடோஸைக் கொல்ல எதிராளி அனுப்பும் மின்னல், அணிலுக்கு விருந்து.

இழுத்துக்கொள்ளும் வேலையை அந்நாளில் பெரும்பாலோர் அமூங்கஸ் என்ற காளானிடம் கொடுத்திருந்தார்கள். ஆனால் காளான் இழுக்கப் பயன்படுத்தும் பொடி, 2013-ல் மாறிய விதிப்படி புல் வகையினரிடம் பலிக்காது. அதற்கு மின்சாரத்தை உறிஞ்சவும் தெரியாது. அணிலிடம் வேறு இரண்டு கைவரிசைகளும் இருந்தன. ஒன்று, உரசினாலே எதிரியை வாதத்தில் தள்ளி வேகத்தைக் குறைப்பது. மற்றொன்று, எதிரி எவ்வளவு பெரியவனானாலும் மிச்சமிருக்கும் உயிரில் சரிபாதியைக் கடித்துவிடுவது. தாக்கும் பலம் 45 மட்டுமே உள்ள பிராணிக்கு இதைவிடப் பொருத்தமான ஆயுதம் ஏது? 600 பெற்ற டிராகனுக்கும் பாதி என்றால் பாதிதான். பயிற்சியில் தரக்கூடிய 510 புள்ளிகளையும் ஆட்டக்காரர் தன் இஷ்டப்படி ஆறு குணங்களுக்குப் பங்கிடலாம். அணிலை அடியாளாக்க முயலாமல் சுவராக வளர்த்தார் பார்க்.

இது மந்திரம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இருவரையும் ஒருசேரத் தாக்கும் கட்டளைகளை ஃபாலோ மீ இழுக்காது. பாறைகளை உருட்டிவிடும் ‘ராக் ஸ்லைடு’ வந்தால் அணிலைத் தாண்டி டேலன்ஃப்ளேமைத் தாக்கும். அதற்குப் பாறை நான்கு மடங்கு.

எல்லாக் கணக்குக்கும் பிறகு எஞ்சுவது ஊகம். உங்களிடம் டேலன்ஃப்ளேமும் கியாரடோஸும். எதிரே காளானும் கார்ச்சாம்ப்பும். காளான் யாரையாவது தூங்கவைக்கும். அதற்குமுன் பறவை அதைக் கொத்திவிட வேண்டும். 2014 விதிப்படி டேலன்ஃப்ளேமின் பறவைத் தாக்குதல் முந்திக்கொள்ளும் என்பதால் இது சுலபம். ஆனால் எதிராளிக்கும் இது தெரியும். அவர் காளானை ஒதுங்கச் சொல்லிவிட்டு கார்ச்சாம்ப்பைப் பாறை உருட்டச் சொன்னால் பறவை காலி. சரி, பறவையை ஒதுங்கச் சொல்லி கியாரடோஸை விட்டு கார்ச்சாம்ப்பை அடிக்கலாமா? அதையும் அவர் ஊகித்திருந்தால் காளான் ஒதுங்காது, கியாரடோஸைத் தூங்கவைத்துவிடும். நல்ல ஆட்டக்காரர்கள் எதிராளியின் மனதைப் படிப்பதாகப் பெருமையடிப்பதில்லை. தப்பாக ஊகித்தாலும் ஆட்டம் கைநழுவாத கட்டளை எது என்று தேடுகிறார்கள். முதல் ஆட்டத்தில் எதிராளி துணிந்தவரா, பதுங்குபவரா என்று நோட்டம் பார்த்துவிட்டால் மூன்றில் இரண்டு வெல்ல வேண்டிய போட்டியில் அது பெரும் பலன்.

அதிர்ஷ்டத்தின் கையையும் மறைக்க முடியாது. ஒவ்வோர் அடியின் சேதமும் உச்ச அளவில் 85 முதல் 100 சதவிகிதத்துக்குள் ஏதோ ஒன்றாக விழும். ராக் ஸ்லைடு ஒவ்வொருவர் மேலும் படுவதற்கு 90 சதவிகித வாய்ப்பு. பட்டவர் திடுக்கிட 30 சதவிகிதம். இருவரில் ஒருவராவது திடுக்கிட கிட்டத்தட்ட 47 சதவிகிதம். ஓராண்டு உழைப்பு இப்படி ஒரு பாறையில் நசுங்கிப் போவது உண்டு. இதனால்தான் இது விளையாட்டா, சூதாட்டமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவின் ரே ரிஸோ 2010, 2011, 2012 என்று தொடர்ந்து மூன்று முறை உலக சாம்பியன் ஆனார். வெறும் அதிர்ஷ்டம் ஒருவரோடு இத்தனை நாள் குடித்தனம் நடத்தாது.

பார்க்கின் வெற்றிக்குப் பிறகு எல்லோரும் அணிலுக்கு மாறிவிடவில்லை. அவர் அணியில் மட்டுமே பொருந்திய ஆள் அது. ஆனால் உதவிக்காரர்களின் மவுசு குறையவே இல்லை. 2016-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பட்டம் வென்ற உல்ஃப் கிளிக்கின் அணியில் கையோகர், ரேக்வேஸா என்ற புராண காலத்து அசுரர்களுக்குப் பக்கத்திலேயே ரெய்ச்சுவுக்கும் ஹிட்மான்டாப்புக்கும் இடம் இருந்தது. 2018 முதல் பல ஆண்டுகள் போட்டிகளில் எங்கு பார்த்தாலும் தென்பட்ட இன்சினரோர் என்ற முரட்டுப் பூனையின் வேகம் வெறும் 60. களத்தில் இறங்கினாலே எதிரிகள் இருவரின் தாக்கும் பலத்தையும் மூன்றில் இரண்டாகக் குறைத்துவிடும். ஃபேக் அவுட்டும் தெரியும். இதை ‘அடிக்காமலே ஜெயிக்கும் பூனை’ எனலாம்.

இவ்வளவு நுணுக்கமாக ஒரு அணியைத் தயாரிக்க ஆகும் நேரம்தான் ஆட்டத்தின் பெரிய சச்சரவு. சரியான இயல்போடு பிறந்ததைப் பிடித்து, புள்ளிகளைப் பங்கிட்டு, ஆறு பேரை வளர்க்க மணிக்கணக்காகும். வியூகத்தில் ஒரு சின்ன மாற்றம் என்றால் மறுபடி முதலிலிருந்து. இதற்குப் பொறுமை இல்லாதவர்கள், கம்ப்யூட்டர் புரோகிராம் மூலம் ரெடிமேடாக போகிமானை உருவாக்கிக்கொள்கிறார்கள். விதிப்படி இது குற்றம். 2023 ஆகஸ்டில் ஜப்பானின் யோகோஹாமாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் சோதனையில் சிக்கிய பல ஆட்டக்காரர்கள் தகுதி இழந்தார்கள். பல மாதம் புள்ளி சேர்த்து, கடல் கடந்து வந்து, சோதனை மேஜையிலேயே கனவு முடிந்தது.

சட்டம் சட்டம்தான் என்றது ஒரு தரப்பு. உருவாக்கிய பிராணிக்கும் வளர்த்த பிராணிக்கும் பலத்தில் எந்த வித்தியாசமும் இல்லாதபோது, வேலைக்குப் போகிறவனும் பரீட்சைக்குப் படிக்கிறவனும் ஏன் இரவெல்லாம் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும் என்றது மறு தரப்பு. இரண்டாவது வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் விதி தெரிந்தே வந்தவர்கள் சொல்லும்போது அதன் எடை கொஞ்சம் குறைகிறது. தயாரிப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. பிறவிக் குறையைப் போக்கும் பாட்டில் மூடிகளை 2016-லும், இயல்பை மாற்றும் புதினா இலைகளை 2019-லும் ஆட்டத்துக்குள் புகுத்தினார்கள். இரண்டுமே ஆட்டத்துக்குள் உழைத்துச் சம்பாதிக்க வேண்டியவை. வாரக்கணக்கில் இழுத்த வேலை நாள்கணக்காகச் சுருங்கியது. அந்த நாள்களும் கிடைக்காதவர்கள்தான் யோகோஹாமாவின் சோதனை மேஜையில் மாட்டிக்கொண்டார்கள்.