அரக்கனின் மகள்

குழந்தைகளுக்கான ஒரு கார்ட்டூன் தொடர், 2005இல் வந்த தன் நான்காவது சீசனில் உலகத்தையே அழித்துக் காட்டியது. கேட்ட கேள்வி ஒன்றுதான்: பிறப்புதான் தலையெழுத்தா?

வீடு முழுக்க அலங்காரம். நண்பர்கள் நான்கு பேரும் உற்சாகத்தில் இருக்கிறார்கள். பிறந்தநாள்காரி ரேவன் மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். கொண்டாட்டம் வேண்டாம் என்கிறாள். அவர்கள் விடுவதாயில்லை. அடுத்த கணம் அவளுடைய மாய சக்தி கட்டுமீறுகிறது. அலங்காரமெல்லாம் சின்னாபின்னம். இது வெறும் வளரிளம் பருவத்துக் கோபம் அல்ல. தான் எதற்காகப் பிறந்தோம் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். இத்தனை காலம் ஒருவரிடமும் அதைச் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அமெரிக்காவின் கார்ட்டூன் நெட்வொர்க் சேனலில் 2003 ஜூலையில் தொடங்கிய 'டீன் டைட்டன்ஸ்' தொடரின் நான்காவது சீசன் இப்படித்தான் இருளுக்குள் இறங்குகிறது. டி.சி. காமிக்ஸின் பதின்வயது நாயகர்கள் ஐந்து பேர் - ராபின், ஸ்டார்ஃபயர், சைபார்க், பீஸ்ட் பாய், ரேவன் - கடலோர நகரம் ஒன்றில் ஒரே கூரையின் கீழ் வசிக்கிறார்கள். வில்லன்களை விரட்டுகிறார்கள், பீட்சா சாப்பிடுகிறார்கள், வீடியோ கேம் ஆடுகிறார்கள். கண்டிக்க அப்பா அம்மா இல்லை. பார்க்கும் பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தொடருக்கு முகம் கொடுத்தவர் க்ளென் முராகாமி. 1990களில் அமெரிக்க கார்ட்டூன்களின் தரத்தை உயர்த்திய பேட்மேன், சூப்பர்மேன் தொடர்களின் பட்டறையில் பயின்றவர். அங்கே கற்ற நிழலையும் கனத்தையும் ஜப்பானிய அனிமே பாணியோடு கலந்தார். சிரிப்புக் காட்சிகளில் பாத்திரங்களின் தலை பெருத்து உடல் சுருங்கும். சண்டை வந்தால் கோடுகள் கூர்மையாகும். முகப்புப் பாடலைப் பாடியதும் ஜப்பானின் பஃபி அமியுமி என்ற இரட்டையர்தான்.

தொடரின் அமைப்பும் கணக்காக இருந்தது. சீசனுக்கு 13 அத்தியாயங்கள். ஒவ்வொரு சீசனிலும் ஒரு பாத்திரத்தின் உள்காயம் மையமாகும். முதல் சீசனில் ராபின். இரண்டாவதில் நண்பர்களுக்குத் துரோகம் செய்யும் டெர்ரா என்ற பெண். மூன்றாவதில் பாதி உடல் இயந்திரமாகிப்போன சைபார்க். 2005 ஜனவரியில் தொடங்கிய நான்காவது சீசனில் ரேவனின் முறை வந்தது.

ரேவனின் தந்தை டிரைகன், நான்கு கண்களும் சிவந்த மேனியும் கொண்ட அரக்கன். தாய் அரெல்லா மானிடப் பெண். டிரைகன் நம் உலகத்துக்குள் நுழைய ஒரு வாசல் தேவை. அந்த வாசலாக இருக்கத்தான் மகள் பிறந்தாள் என்கிறது தீர்க்கதரிசனம். எதையும் உணராமல், எதற்கும் சிரிக்காமல், எந்நேரமும் தியானத்தில் மூழ்கியிருக்கும் அவள் சுபாவத்துக்கு அப்போதுதான் அர்த்தம் கிடைக்கிறது. உணர்ச்சிவசப்பட்டால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும் என்று பயந்தே வளர்ந்தவள் அவள்.

பிறந்தநாளன்று அவளைத் தேடி வருபவன் ஸ்லேட். இரண்டாவது சீசனில் எரிமலைக் குழம்பில் விழுந்து மாண்டவன், இப்போது டிரைகனின் ஏவலாளாகத் திரும்பியிருக்கிறான். அவன் ரேவனுக்குக் காட்டுவது, மனிதர்கள் எல்லாம் கல்லாகிப்போன நகரம். நீ செய்யப்போவது இதைத்தான் என்கிறான். அவள் உடலெங்கும் சிவப்பு எழுத்துகள் எரிகின்றன. பிறகு ஓர் அத்தியாயத்தில் வழி கேட்டு, தான் வளர்ந்த அசரத்துக்குத் தாயைத் தேடிப் போகிறாள். அங்கே மிச்சமிருப்பது அழிவு மட்டுமே. தாயின் நிழலிடமும் பதில் இல்லை. குழந்தைகளுக்கான தொடரில் அம்மாவே கைவிரிக்கும் காட்சி அபூர்வம்.

சீசன் முழுவதும் இதே கனம் என்று சொல்ல முடியாது. மந்திரப் பலகாரம் தந்து மயக்கும் சூனியக்கிழவி, வேற்றுக்கிரக வாசிகள் நடத்தும் பர்கர் கடை என்று அசட்டு அத்தியாயங்களும் உண்டு. சூனியக்கிழவி வந்து போன சூட்டோடு இறுதிக்கதை தொடங்குவது கொஞ்சம் இடறத்தான் செய்கிறது. ஆனால் பக்கவாட்டுக் கதைகளில் ஒன்று மையக் கேள்வியைத் தொடுகிறது. விண்வெளி வீரன் ஒருவன் ஸ்டார்ஃபயரை 'ட்ராக்' என்று அழைக்கிறான். அவள் இனத்தாரை இழிவுபடுத்தும் சொல் அது. ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்று பொருள். தன் உயிரைக் காப்பாற்றிய பிறகும் அவளை 'நல்ல விதிவிலக்கு' என்றுதான் அவனால் பாராட்ட முடிகிறது. அந்தப் பாராட்டை அவள் ஏற்க மறுக்கிறாள். பிறப்பை வைத்து ஆளை எடைபோடும் நோயை 22 நிமிடங்களில் இவ்வளவு தெளிவாகக் காட்டிய கார்ட்டூன்கள் குறைவு.

கடைசி மூன்று அத்தியாயங்கள் ஒரே கதை, பெயர் 'முடிவு'. அந்த நாள் வந்துவிட்டது என்று உணர்ந்த ரேவன், நண்பர்களிடம் அதைச் சொல்வதில்லை. வழக்கத்துக்கு மாறாகச் சிற்றுண்டி செய்கிறாள், அவர்களோடு ஊர் சுற்றுகிறாள். அவர்களுக்கு ஒரு நல்ல நாளைத் தந்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவள் எண்ணம். தொடரின் உச்சம் அரக்கன் வரும் காட்சி அல்ல, இந்தப் பகல் பொழுதுதான். சூரியன் மறைந்து வானம் இருண்டதும் நண்பர்களுக்கு விஷயம் புரிகிறது. அவளைப் பூட்டிவைத்துக் காக்க முயல்கிறார்கள். அவர்கள் சாவதைப் பார்க்கச் சகிக்காத ரேவன், அவர்களையே செயலிழக்கச் செய்துவிட்டுத் தானாகப் போய்ச் சரணடைகிறாள். வாசல் திறக்கிறது. டிரைகன் வருகிறான். உலகம் கல்லாகிறது.

அடுத்து நடப்பதில்தான் தொடரின் துணிச்சல் இருக்கிறது. பாதாளத்தில் இறங்கும் ராபின் கண்டெடுப்பது, நினைவு இழந்து சின்னஞ்சிறுமியாகிவிட்ட ரேவனை. சக்தி இல்லை; பயம் மட்டும் இருக்கிறது. மேலே மற்ற மூவரும் தங்களுடைய தீய பிரதிகளோடு மோதித் தோற்கிறார்கள். எதிரிகளை மாற்றிக்கொண்ட பிறகுதான் ஜெயிக்கிறார்கள். தன் இருட்டைத் தனியாக வெல்வது கடினம், பக்கத்தில் ஒரு நண்பன் வேண்டும் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறது அந்தச் சண்டை. கடைசியில் சிறுமி எழுந்து நிற்கிறாள். கரிய அங்கி வெண்மையாகிறது. என்னைப் படைத்தவன் நீ, ஆனால் தந்தை நீ அல்ல என்று சொல்லி அவனை அழிக்கிறாள். வளர்த்தவர்களும் நேசித்தவர்களும்தான் குடும்பம் என்பது அவள் தீர்ப்பு.

மூலக்கதை இப்படி இல்லை. ரேவனை 1980இல் உருவாக்கியவர்கள் எழுத்தாளர் மார்வ் வுல்ஃப்மேனும் ஓவியர் ஜார்ஜ் பெரெஸும். அவர்கள் 1984இல் எழுதிய டிரைகன் கதையில், தந்தையின் பிடியில் சிக்கிய ரேவனை நண்பர்களே கொல்ல நேரிடுகிறது. அசரத்தின் ஆன்மாக்கள் அவள் உடல் வழியாக வெளிப்பட்டு டிரைகனை அழிக்கின்றன. அதாவது, அங்கும் அவள் ஒரு வாசல்தான். தந்தைக்குப் பதில் மற்றவர்கள் பயன்படுத்திய வாசல். டி.வி. தொடர் செய்த ஒரே பெரிய மாற்றம், முடிவை அவள் கையில் கொடுத்ததுதான்.

இரணியன் மகன் பிரகலாதன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் பிரகலாதனுக்குத் தூணைப் பிளந்துகொண்டு நரசிம்மர் வந்தார். ரேவனுக்குத் தூணும் இல்லை, தெய்வமும் இல்லை. 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்ற பழமொழியைத் தன் பிறப்பின் சாபமாகச் சுமந்தவள், அதைத் தானே பொய்யாக்க வேண்டியிருக்கிறது.

தொடர் அதிக நாள் நீடிக்கவில்லை. ஐந்தாவது சீசனோடு, 65 அத்தியாயங்களில், 2006 ஜனவரியில் முடிந்தது. 2013இல் அதே ஐந்து குரல் கலைஞர்களோடு 'டீன் டைட்டன்ஸ் கோ!' வந்தது. ஆனால் இது முழுக்க நையாண்டி. டிரைகன்கூட இதில் சிரிப்பு மூட்டும் அப்பாதான். பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். புதிய குழந்தைகள் ரசித்தார்கள். மூத்த தொடரைவிடப் பல மடங்கு நீண்ட ஆயுள் இளையதற்கு. 2019இல் இரண்டு அணிகளும் மோதும் படமே வந்தது.

குழந்தைகளுக்குச் சிரிப்பு வேண்டும்தான். ஆனால் தன் வீட்டைப் பற்றி வெளியே சொல்ல முடியாத ரகசியம் உள்ள பிள்ளைகளும் டி.வி. பார்க்கிறார்கள். 2005இல் ஒரு கார்ட்டூன் அவர்களிடம் பேசியது. பயமுறுத்தித்தான் பேசியது, பொய் சொல்லவில்லை.