குழாய்க்குள் அடைபட்ட காற்று

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் ஊற்றுத் தண்ணீரை லயத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் மோட்டார் அல்ல, மலைச்சரிவு. ஊற்றடியில் ஒரு சின்னத் தொட்டி. அங்கிருந்து தேயிலைக்குள் மேடும் பள்ளமுமாக இறங்கிவரும் கறுப்புக் குழாய். தொட்டியில் தண்ணீர் நிற்கும்போதே பீலி வறண்டு போவதுண்டு. உடனே மேல் லயத்தார்மீது சந்தேகம் விழும். வாய்த்தர்க்கத்துக்கு முன் குழாய் ஏறி இறங்கும் மேடுகளைப் பார்த்துவிட வேண்டும்.

தண்ணீரோடு வரும் காற்று மேட்டின் உச்சியில் தங்கும். சேரச் சேர, மறுபக்கத்து இறக்கத்திலும் பரவும். ஏற்றத்தில் நிற்கும் தண்ணீரின் எடை பின்னோக்கி அழுத்துகிறது. இறக்கத்தில் அதை ஈடுசெய்யத் தண்ணீர் இல்லை, காற்றுத்தான் இருக்கிறது. ஊற்றுக்கும் லயத்துக்கும் 15 மீற்றர் உயர வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். வழியிலுள்ள மூன்று மேடுகளிலும் காற்று 5 மீற்றர் உயரத்துக்கு நின்றால் மொத்த அழுத்தமும் அதிலேயே தீர்ந்துவிடும். குழாயில் வெடிப்பில்லை, அடைப்பில்லை, ஆனாலும் ஒரு சொட்டு வராது.

ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற மணத்தைத் தரும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான வறண்ட காற்றுக்காலத்தில் ஊற்றுகள் இறங்கும். தொட்டியின் நீர்மட்டம் குழாய்வாய்க்குக் கீழே போனால் குழாய் காற்றை விழுங்கத் தொடங்கிவிடும்.

மேட்டு உச்சியிலுள்ள சொக்கெட்டைச் சற்றுத் தளர்த்தினால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். தண்ணீர் தெறித்ததும் இறுக்கிவிடலாம். ஆனால் அந்த மேடு ஊற்று மட்டத்தைவிட உயரமானால் தளர்த்தவே கூடாது. அங்கே உள்ளழுத்தம் குறைவு, வெளிக்காற்று உள்ளே இழுபடும். கடல்மட்டத்தில் அப்படிப்பட்ட மேட்டைத் தண்ணீர் கணக்குப்படி சுமார் 10 மீற்றர்வரை தாண்டும். சுமார் 1,430 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையில் காற்றழுத்தமே குறைவு, எல்லை எட்டரை மீற்றரளவுக்கு இறங்கிவிடும். நடைமுறையில் அதுவும் கிட்டாது, தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றே பிரிந்து உச்சியில் சேர்ந்துவிடும். குழாயை அந்த மேட்டைச் சுற்றிக் கொண்டுபோவதே நல்லது.

மற்ற மேடுகளுக்குக் காற்று வால்வு உண்டு. உள்ளே ஒரு மிதவை: காற்று சேர்ந்தால் அது தாழ்ந்து வழிவிடும், தண்ணீர் ஏறினால் மிதந்து அடைத்துக்கொள்ளும். புதுக் குழாய் போடும்போதே, தோட்ட நிர்வாகம் போட்டாலும் லயத்தார் சேர்ந்து போட்டாலும், இதைக் கட்டாயம் கேட்டுப் பொருத்த வேண்டும். மண் புகுந்தால் மிதவை சிக்கிவிடும். ஆகவே தொட்டியில் குழாய்வாய்க்கு வலை கட்டி, பள்ளங்களில் வண்டலைத் திறந்துவிட ஒரு வாயும் வைக்க வேண்டும்.