கார் நிக்கோபார் தடுப்பூசி: எதிர்பொருள் குறைந்தால் பாதுகாப்பும் போய்விடுமா?

நிக்கோபாரி பழங்குடியினரிடையே ஹெபடைடிஸ் பி வைரஸ் மிக அதிக அளவில் பரவியிருப்பதை, அந்தமான் தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தில் (முந்தைய போர்ட் பிளேர்) உள்ள ஐசிஎம்ஆர் மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது. அதையடுத்து கார் நிக்கோபார் தீவில் தடுப்பூசி போடப்பட்டது. ஊசி பெற்றவர்களின் ரத்தத்தில் எதிர்பொருள் (ஆன்டிபாடி) நிலைத்திருக்கிறதா என்பதைப் பத்தாண்டுகளுக்குப் பின்னரும் ஆய்வாளர்கள் பரிசோதித்தனர்.

மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகு என்பது பாதுகாப்பின் எல்லைக்கோடு. ஆண்டுகள் செல்லச் செல்ல எதிர்பொருளின் அளவு பலருக்கு இதற்குக் கீழே இறங்குவது இயல்பு. அவர்களுக்கு மீண்டும் ஊசி தேவையா? மருந்தைக் குளிர்நிலை குலையாமல் கடல் கடந்து கொண்டுசேர்க்க வேண்டிய தீவுகளில் இது பெரிய கேள்வி.

இதற்கான விடை எதிர்பொருளைச் சுரக்கும் பி செல்களின் வாழ்க்கையில் இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இவை, முதிர்ச்சியடைய மண்ணீரலுக்குச் செல்கின்றன. அங்கே 'பாஃப்' என்ற புரதம் தரும் உயிர்வாழ்வு சமிக்ஞை கிடைக்காதவை சில நாள்களில் மடிகின்றன. 1999-இல் அடையாளம் காணப்பட்ட இப்புரதம் அளவோடுதான் சுரக்கும். எனவே செல்களிடையே போட்டி. பாஃப் மிகுந்தால், சொந்த உடலையே தாக்கும் செல்களும் பிழைத்துக்கொள்ளும். லூபஸ் நோய்க்கு 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெலிமுமாப் மருந்து, இந்தப் புரதத்தைத்தான் தடுக்கிறது.

தடுப்பூசிக்குப் பின் பி செல்கள் இரு வகையாகப் பிரிகின்றன. எதிர்பொருளைப் பொழியும் பிளாஸ்மா செல்களில் பெரும்பாலானவை விரைவில் அழியும். எலும்பு மஜ்ஜையில் இடம்பிடிக்கும் சிலவற்றை 'ஏப்ரில்' என்னும் புரதம் (பாஃபின் உறவு எனலாம்) நெடுங்காலம் காக்கிறது. அங்கு இடம் குறைவு. ரத்தத்தில் அளவு இறங்க அதுவும் ஒரு காரணம். மற்றொரு வகையான நினைவு செல்கள் பாஃபைப் பெரிதும் சாராமல் அமைதியாகக் காத்திருக்கும். வைரஸ் மீண்டும் நுழைந்தால் சில நாள்களில் எதிர்பொருளைப் பெருக்கிவிடும். ஹெபடைடிஸ் பி நோயாக வெளிப்பட 30 முதல் 180 நாள்கள் ஆகும் என்பதால் அவற்றுக்கு அவகாசம் தாராளம்.

எனவேதான் முழுத் தவணையும் பெற்ற ஆரோக்கியமானவர்களுக்குக் கூடுதல் ஊசியை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைப்பதில்லை. டயாலிசிஸ் செய்துகொள்வோர், நோய் எதிர்ப்புத் திறன் குன்றியோர் விதிவிலக்கு.

பிறந்த குழந்தையின் நிலை வேறு. அதற்கு நினைவு செல்களே இல்லை. தாயிடமிருந்து பிரசவத்தின்போது தொற்று பெறும் குழந்தைகளில் சுமார் 90 சதவீதத்தினர் நாள்பட்ட நோயாளிகளாகின்றனர். அவர்களுக்கான முதல் தவணையைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.