புயலுக்குப் பின் எத்தனை ஆண்டுகள்?

புதுச்சேரி வட்டாரத்தின் கடற்கரை மொத்தம் 24 கிலோமீட்டர். தெற்கே மூர்த்திக்குப்பம், புதுக்குப்பத்தில் தொடங்கி வடக்கே கனகசெட்டிக்குளத்தில் முடிகிறது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் வருகிறவர்களுக்கு இந்த ஊர் ஓர் எல்லைப் பலகை. சிலருக்கு மதுக்கடைகள் ஆரம்பிக்கும் இடம். சாலையை விட்டுக் கிழக்கே இறங்கினால்தான் மீனவர் தெருக்களும் மணலில் ஏற்றி வைத்த ஃபைபர் படகுகளும் கண்ணில் படும். 2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் இந்த ஊருக்குத் தெற்கே, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில், மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கரையைக் கடந்தது. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி ‘நிவர்’ வடக்கே மரக்காணம் பக்கம் வந்தது. 2024 நவம்பர் 30 இரவில் ‘ஃபெஞ்சல்’ புதுச்சேரிக்கு அருகிலேயே கரையேறியது. காற்று அவ்வளவாக இல்லை, ஆனால் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. இவற்றுக்கெல்லாம் முன்னால் 2004இல் சுனாமி. ஒவ்வொன்றுக்கும் அரசு ஒரு கோப்பைத் திறந்தது, பட்டியல் எடுத்தது, பணம் கொடுத்தது, கோப்பை மூடியது. குடும்பங்களின் கணக்கு அப்படித் தனித்தனியாக முடிவதில்லை. ஒன்றின் கடன் அடைவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. புயல் நிவாரணத்தை அன்று இழந்த பொருளின் அளவைக் கொண்டே நாம் இன்றுவரை கணக்கிடுகிறோம். மறுபடி எழுந்து நிற்க எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பதைக் கொண்டு கணக்கிட்டால் தொகையும் மாறும், கொடுக்கும் முறையும் மாறும், யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் மாறும்.

படகையே எடுத்துக்கொள்ளலாம். மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிமுறை, 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, முற்றிலும் சேதமான படகுக்கு 15,000 ரூபாய் என்கிறது. பழுது பார்க்க 6,000. வலை முழுதாகப் போயிருந்தால் 4,000, கிழிந்திருந்தால் 3,000. கட்டுமரக் காலத்துக்கு இது ஒருவேளை பொருந்தியிருக்கும். இன்று இந்தக் கரையில் ஓடுவது ஃபைபர் படகு. இன்ஜினோடு சேர்த்தால் அதன் விலை லட்சங்களில் போகிறது. தானே வந்தபோது இந்தத் தொகைகள் இன்னும் குறைவு. மாநில அரசுகள் தங்கள் கையிலிருந்து சேர்த்துக் கொடுப்பதுண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தொகையைவிடப் பெரிய சிக்கல் நாள்காட்டியில் இருக்கிறது. தானே அடித்தது டிசம்பர் 30. விசைப்படகு என்றால் ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். இடையில் கிடைப்பது மூன்றரை மாதம். அதற்குள் கணக்கெடுப்பு முடிந்து, பெயர் பட்டியலில் ஏறி, பணம் வங்கிக்கு வந்து, உடைந்த இடத்தில் ஃபைபர் ஒட்டி, மணலும் உப்புத்தண்ணீரும் புகுந்த இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்து, வலை வாங்கிக் கோத்துக் கடலில் இறங்க வேண்டும். இதில் ஒரு படி தாமதமானாலும் அந்தப் பருவம் போயிற்று. விசைப்படகுக்கு அடுத்த வாய்ப்பு தடைக்காலம் முடிந்த பிறகுதான். ஐப்பசி பிறந்துவிட்டால் மறுபடி பருவமழை, புயல் எச்சரிக்கைக் கூண்டு, கரையில் கட்டிய படகு. ஆறு வாரத்தில் வரும் 15,000 ரூபாயும் ஆறு மாதத்தில் வரும் 15,000 ரூபாயும் கோப்பில் ஒன்றுதான். கடற்கரையில் அவற்றுக்கிடையே ஒரு பருவத்தின் வருமானம் நிற்கிறது.

அந்தப் படகில் போகிறவர்கள் நாலைந்து பேர். டீசல், ஐஸ் செலவு போக மீதியைப் பங்கு பிரிப்பார்கள். படகுக்கும் வலைக்கும் பங்கு உண்டு, ஆளுக்கும் பங்கு உண்டு. கணக்கு ஊருக்கு ஊர் மாறும். படகு உடைந்தால் விதிமுறையின் கண்ணில் நஷ்டப்பட்டவர் படகின் உரிமையாளர் ஒருவரே. பங்குக்குப் போனவர்கள் எதையும் ‘இழக்கவில்லை’, ஏனென்றால் இழக்க அவர்களிடம் பொருள் எதுவும் இல்லை. அவர்கள் பிடித்து வந்த மீனைக் கூடையில் ஏற்றி விற்ற பெண்களும் அப்படித்தான். அவர்களுடைய மூலதனம் காலையில் வாங்கி மாலையில் திருப்பும் கைமாற்று. படகு வைத்திருப்பவர் பழுதுக்குப் பணம் தேடும்போது முதலில் போவது மீன் வியாபாரியிடம். அவர் தரும் முன்பணத்துக்கு வட்டி என்று தனியாக எழுதுவதில்லை. பிடிக்கிற மீனை அவரிடமே போட வேண்டும், ஏலத்தில் அவர் கழித்துக்கொள்வதை ஏற்க வேண்டும், அவ்வளவுதான். கடன் இருக்கும்வரை இந்தக் கட்டு இருக்கும். பெண்களுக்குத் தண்டல், அடகுக் கடை, குழுக் கடன். புயலில் போன வலைக்கு ஒரு விலை உண்டு, அதை யாரும் மதிப்பிட்டுவிடலாம். அந்த வலையை மீட்க வாங்கிய முன்பணத்தால் அடுத்த ஐந்து ஆண்டு ஒவ்வொரு கிலோ மீனிலும் கழிந்து போகும் காசுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

சாலையைத் தாண்டி மேற்கே போனால் காலம் இன்னும் நீளமாக ஓடுகிறது. காலாப்பட்டிலிருந்து மரக்காணம் வரை சவுக்கும் முந்திரியும் தென்னையும் கலந்த நிலம். தானே அன்று புதுச்சேரிப் பல்கலைக்கழக வளாகத்திலும் ஆரோவில் காடுகளிலும் நகரத்துத் தாவரவியல் பூங்காவிலும் சாய்ந்த மரங்களைப் பத்திரிகைகள் படம் எடுத்தன. தெற்கே பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரித் தோப்பும் பலாவும் ஒரே காலையில் படுத்தன. சவுக்கு வெட்டுக்கு வர மூன்று நான்கு ஆண்டு போதும். ஒட்டு முந்திரி மூன்றாம் ஆண்டில் காய்த்தாலும் முழு மகசூலுக்கு எட்டுப் பத்து ஆண்டு ஆகும். நெட்டைத் தென்னைக்கு ஆறேழு ஆண்டு. 2012 ஆடியில் நட்ட முந்திரிக் கன்று முழு மகசூல் தரத் தொடங்கும் நேரத்தில், 2020இல், நிவர் வந்தது. பல்லாண்டுப் பயிருக்கு விதிமுறை தரும் தொகை ஹெக்டேருக்கு 22,500 ரூபாய், அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைக்கும். நெல்லுக்கு இப்படிக் கணக்கிட்டால் ஒரு போகத்தின் நஷ்டத்தை ஓரளவு தொடும். தோப்புக்கு இது எட்டு ஆண்டில் எத்தனையாவது ஆண்டுக்கான பணம்? இன்னொன்று: எல்லோர் மரமும் ஒரே நாளில் விழுந்தால் எல்லோரும் ஒரே வாரத்தில் விற்கிறார்கள். முப்பது வருஷத்து மரம் விறகு விலைக்குப் போகிறது, அதையும் வெட்டி ஏற்ற ஆள் கூலி கொடுத்த பிறகு.

இந்த நீளமான நஷ்டம் இந்தக் கரைக்கு மட்டும் உரியதல்ல. பொருளியல் அறிஞர்கள் சாலமன் ஷியாங், அமீர் ஜினா இருவரும் 1950 முதல் 2008 வரை உலகெங்கும் வீசிய 6,700 புயல்களை ஆராய்ந்து 2014இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். புயல் அடித்த நாட்டின் வருமானம், அடிக்காமல் இருந்தால் எங்கே போயிருக்குமோ அந்தப் பாதைக்கு இருபது ஆண்டு கழித்தும் திரும்புவதில்லை என்பது அது. 2024இல் ரேச்சல் யங்கோடு சேர்ந்து ஷியாங் எழுதிய ஆய்வு மரணங்களை எண்ணியது: அமெரிக்காவில் ஒரு புயலுக்கு அதிகாரப்பூர்வமாகப் பதிவாகும் சாவு சராசரியாக 24, அடுத்த பதினைந்து ஆண்டில் அந்தப் புயலின் தொடர்ச்சியாக ஏற்படும் கூடுதல் சாவு 7,000 முதல் 11,000 வரை. அமெரிக்க எண்ணை அப்படியே தூக்கி வந்து வங்கக்கடலோரம் வைக்க முடியாது. ஆனால் சேமிப்பு கரைவது, மருந்துச் செலவைத் தள்ளிப்போடுவது, வேலை தேடி இளையவர்கள் வெளியேறுவது என்று அவர்கள் ஊகிக்கும் வழிகள் எல்லாம் இங்கே நமக்குத் தெரிந்தவைதாம். 2005இல் கத்ரீனாவால் மூழ்கிய நியூ ஆர்லியன்ஸ் இன்னும் துல்லியமான பாடம். வீடு கட்ட அரசு கொடுத்த மானியம், திரும்பக் கட்ட ஆகும் செலவு, புயலுக்கு முன் வீட்டின் சந்தை மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டது. கறுப்பர் பகுதிகளில் வீட்டு மதிப்பு குறைவு. செங்கல், சிமென்ட் விலையோ எல்லோருக்கும் ஒன்று. வழக்கு நடந்து 2011இல்தான் சமரசம் ஆனது. 2000இல் நாலே முக்கால் லட்சத்துக்கு மேல் இருந்த நகரத்தின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பிலும் நாலு லட்சத்தைத் தொடவில்லை.

கனகசெட்டிக்குளத்துக்கு மேலும் ஒரு சங்கடம் உண்டு, எல்லை. இந்த ஊர் இருக்கும் காலாப்பட்டுப் பகுதி புதுச்சேரி நகரத்தோடு ஒட்டியதல்ல. நடுவே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாடு. வடக்கே அடுத்த ஊரான கீழ்ப்புத்துப்பட்டும் விழுப்புரம் மாவட்டம். காற்று ஒன்று, கடல் ஒன்று, நிவாரணத் தொகை இரண்டு. தானேவுக்கு மத்திய அரசு உடனடியாக ஒதுக்கியது தமிழ்நாட்டுக்கு 500 கோடி, புதுச்சேரிக்கு 125 கோடி. தமிழ்நாடு அரசு கடலூர், விழுப்புரம் மாவட்டக் குடிசைகளுக்குப் பதிலாக ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகளை அறிவித்தது. எல்லைக்கு இந்தப்பக்கம் அந்தத் திட்டம் வர வழியில்லை. சில ஆண்டுகளில் புதுச்சேரி கூடுதலாகவும் கொடுத்திருக்கிறது. ஃபெஞ்சலுக்குப் பிறகு முதல்வர் ரங்கசாமி எல்லா ரேஷன் அட்டைக்கும் 5,000 ரூபாயும் பயிருக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாயும் அறிவித்தார். எந்தப்பக்கம் லாபம் என்ற ஊர்ப்பேச்சை விட்டுவிடலாம். நிதிக்குழு மாநிலங்களுக்கு ஐந்தாண்டுப் பேரிடர் நிதியை முன்கூட்டியே வகுத்துவிடுகிறது. சட்டமன்றம் இருந்தும் யூனியன் பிரதேசமான புதுச்சேரி அந்த வரம்புக்குள் வராது. டெல்லியின் தயவில் பிறகு வரும் தொகைதான். ஃபெஞ்சல் ஆண்டுக்கு அது 2025 ஏப்ரலில் 33 கோடி என்று வந்தது. அமெரிக்காவில் மாநிலமாக இல்லாத போர்ட்டோரிகோவில் 2017இல் மரியா புயல் அடித்தபோது முதலில் சொன்ன சாவு 64. ஏறத்தாழ ஓராண்டு கழித்து அரசு ஏற்றுக்கொண்ட எண் 2,975. முழு மாநிலமாக இல்லாத ஊரின் கணக்கு எங்கேயும் மெதுவாகத்தான் எடுக்கப்படும்போல.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை வலுவானவை. முதலாவது, சாவு குறைந்திருக்கிறது. 1999 ஒடிசா சூப்பர் புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் அதே கரையை ஃபைலின் தாக்கியபோது அது ஐம்பதைத் தொடவில்லை. வானிலைத் துறையும் மாவட்ட நிர்வாகங்களும் சாதித்த பெரிய வேலை இது, இதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் உயிர் பிழைத்தவர்கள் கூடும்போது, பிழைத்தபின் வாழ்வதற்கான செலவும் கூடுகிறது. இறந்தவர் வீட்டுக்கு ஒரே காசோலை. உயிரோடு இருப்பவர் அடுத்த பருவத்துக்கும் சாப்பிட வேண்டும். இரண்டாவது, கண்ணால் பார்த்தால் மீண்டுவிட்டதாகத்தான் தெரிகிறது: ஓலை போய்க் கான்கிரீட் வந்திருக்கிறது, மாடியில் டிஷ், வாசலில் பைக். உண்மை. அதில் எவ்வளவு கடன் என்பது வாசலில் தெரியாது, அதைவிட முக்கியமாக, ஊரை விட்டுப் போனவர்களின் வீடு அங்கே நிற்பதில்லை. மூன்றாவது பணம். ஆண்டுக்கணக்கில் கொடுக்க எந்தக் கஜானாவால் முடியும்? கேட்பது அதிகப் பணமல்ல, வேறு வரிசை. சிவப்பு ரேஷன் அட்டை, மஞ்சள் ரேஷன் அட்டை பாராமல் எல்லோருக்கும் 5,000 என்பதில் ஒரு நன்மை உண்டு, பட்டியலில் பெயர் சேர்க்க யார் காலிலும் விழ வேண்டாம். முதல் தவணைக்கு அதுவே சரி. ஆனால் அரசு ஊழியர் வீட்டுக்கும் பங்குக்குப் போகும் தொழிலாளி வீட்டுக்கும் அதோடு கணக்கை முடித்தால், அந்தப் பணம் தேவைப்படாத இடத்தில் கரைகிறது. இரண்டாம் தவணை தடைக்காலத்துக்கு முன் தொழில் பார்த்து, மூன்றாம் தவணை மரம் வைத்தவருக்குக் கன்று பிழைத்திருப்பதைப் பார்த்து என்று பிரித்தால் மொத்தத் தொகை பெரிதாகக் கூடப்போவதில்லை.

கடைசி ஆட்சேபம் கொஞ்சம் கடுமையானது: கடலோரத்தில் குடியிருந்துகொண்டு புயலைக் குறை சொன்னால் எப்படி, உள்ளே போய்க் குடியேற வேண்டியதுதானே? படகும் வலையும் கண் பார்வையில் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது என்பது ஒரு பதில். இன்னொரு பதில் கடற்கரையே நகர்ந்திருக்கிறது என்பது. 1989இல் முடிந்த புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே ஓடும் மணலை மறித்துவிட்டன. நகரத்துக் கடற்கரை கல்லாகிப் போனது. அரிப்பு வடக்கே ஏறிப் பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி வரை வீடுகளை விழுங்கியது. ஓரிடத்தில் தூண்டில் வளைவு போட்டால் அரிப்பு அதற்கு வடக்கே நகர்கிறது. புயல் அலையைத் தாங்கும் மணல்மேட்டை மனிதர் கட்டிய கல் தின்ற பிறகு, அங்கே இருப்பது உங்கள் விருப்பம் என்று மீனவரிடம் சொல்வது நியாயமல்ல.

இத்தனைக்கும் புதிய துறை எதுவும் வேண்டியதில்லை. தடைக்கால நிவாரணத்துக்காக மீன்வளத் துறை ஆண்டுதோறும் மீனவக் குடும்பங்களின் பட்டியலை எடுக்கிறது. கனகசெட்டிக்குளம் அதில் இருக்கிறது. அந்தப் படிவத்தில் நாலு கேள்வி சேர்த்தால் போதும்: கடந்த புயலில் உடைந்த படகு ஓடுகிறதா, பங்குக்குப் போனவர் எத்தனை நாள் கடலுக்குப் போனார், வியாபாரியிடம் முன்பணம் பாக்கி எவ்வளவு, வீட்டுப் பெண்ணுக்குத் தண்டல் எவ்வளவு. தோப்புக்கு வேளாண் துறையிடமும் இப்படியொரு பட்டியல் சாத்தியமே. ஃபெஞ்சலில் பணம் வாங்கிய குடும்பங்களின் நிலையை மூன்றாம் ஆண்டு முடிவில் பார்ப்பதென்று வைத்தால் அது 2027 நவம்பர். புயலுக்குப் பிந்தைய தடைக்காலப் பட்டியல்களில் அந்த ஆண்டின் பட்டியல் மூன்றாவது.