ஏரியில் மிதந்த வானொலிக் கருவி

அடுப்பிலிருந்து வீசும் வெப்பக்கதிர், விளக்கின் ஒளி, எலும்பு முறிவைக் காட்டும் எக்ஸ் கதிர், பண்பலை வானொலி ஆகிய யாவும் மின்காந்த அலைகளே. அலைநீளம் ஒன்றே அவற்றை வேறுபடுத்துகிறது. ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு; பண்பலையினதோ சுமார் 3 மீட்டர்.

இப்பண்பலையை அடுத்துள்ள அலைகளில்தான், முதல் விண்மீன்கள் தோன்றிய காலத்தின் தடயத்தையும் விஞ்ஞானிகள் தேடுகின்றனர். ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையை உமிழவும் உறிஞ்சவும் வல்லது. அண்டம் விரிந்துகொண்டே வந்தமையால், அக்காலத்து அலை இன்று பல மீட்டராக நீண்டு நம்மை அடைகிறது. 78 மெகாஹெர்ட்ஸ் அளவில் அத்தடயத்தைக் கண்டதாக, ஆஸ்திரேலியாவில் எட்ஜஸ் என்னும் கருவியை இயக்கிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2018இல் அறிவித்தனர்.

இதனைச் சோதிக்க முன்வந்தது, சர் சி. வி. இராமன் 1948இல் பெங்களூரில் நிறுவிய ஆராய்ச்சி நிலையம். நகரத்தில் இது இயலாது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை பண்பலை நிலையங்கள் இடைவிடாது ஒலிபரப்புகின்றன. பால்வழி மண்டலத்தின் இரைச்சலோ தேடப்படும் தடயத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு வலியது. (பழைய வானொலிப் பெட்டி இரு நிலையங்களுக்கு இடையே எழுப்பும் ‘உஸ்’ ஒலியில் அதற்கும் பங்குண்டு, ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குக் கேட்பிக்கலாம்.) மேலும், ஏரியலின் கீழுள்ள மண்ணும் பாறையும் அடுக்குக்கு அடுக்கு மாறுபட்டு அளவீட்டைப் பிழைபடுத்தும். நீரோ ஒரே தன்மையது. ஆகவே 2020இல் சாரஸ் என்னும் அந்நிலையத்தின் கருவி, கர்நாடகத்தில் தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி நீர்த்தேக்கத்திலும் தெப்பத்தின்மீது மிதக்கவிடப்பட்டது. எட்ஜஸ் கூறிய வடிவில் தடயம் ஏதும் இல்லை என்பதே 2022இல் வெளியான முடிவு.

பூமியின் வானொலி அலைகளை நிலவே மறைத்துவிடுகின்ற அதன் மறுபுறத்தில் இச்சோதனையை நடத்தவும் அந்நிலையம் திட்டமிட்டுள்ளது.