சட்டை சொல்லும் கதை

கதை எழுதுவது வீண் வேலை என எண்ணும் பெரியவர்கள் நம்மிடையே இன்றும் உளர். அவர்களுடன் நான் வாதிடுவதில்லை. திருமறையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் பொருளுணர்ந்து ஒருமுறை ஓதிப் பாருங்கள் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன்.

நபிமார்கள் பலரின் வரலாறுகள் வெவ்வேறு அத்தியாயங்களில் பகுதி பகுதியாக வருகின்றன. நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாறோ 111 வசனங்கள் கொண்ட சூரா யூசுபில் ஒரே கோவையாக அமைந்துள்ளது. சிறு வயதில் அவர்கள் கண்ட கனவு தொடக்கத்திலேயே சொல்லப்படுகிறது. அது நனவாவது நூறாம் வசனத்தில்தான். இடையே கிணறு, அடிமை வாழ்வு, சிறை. ஓதுபவரும் உடன் காத்திருக்கிறார்.

அதில் வரும் சட்டைகளைக் கவனியுங்கள். சகோதரர்கள் பொய் இரத்தம் தோய்த்துத் தந்தையிடம் கொண்டுவந்தது ஒன்று. பின்புறம் கிழிந்திருந்ததால் யூசுப் (அலை) அவர்கள் குற்றமற்றவர் எனக் காட்டியது ஒன்று. துயரத்தால் பார்வையிழந்த நபி யஃகூப் (அலை) அவர்களின் முகத்தில் இடப்பட்டு, அல்லாஹ்வின் அருளால் ஒளி மீளக் காரணமானது மற்றொன்று. வஞ்சகம், நீதி, மகிழ்ச்சி மூன்றும் ஒரு துணியின் வழியே நம் கண்முன் வந்துவிடுகின்றன. வேண்டாதது எதுவும் அங்கு இல்லை. அஜீஸின் மனைவிக்குப் பெயர்கூடச் சொல்லப்படவில்லை. ஜுலைகா என்பது பிற நூல்களால் நாம் அறிந்த பெயர்.

நம்மவர் எழுதும் கதைகள் பலவற்றில் இறுதிப் பத்தி குத்பாவாக மாறிவிடுகிறது. குத்பாவுக்கு மிம்பர் இருக்கிறதே!

இதைச் சொல்லும் நானும் தவறியவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் மதரஸா ஆண்டு விழாவுக்காக மாணவி ஒருத்தி கதை எழுதித் தந்தாள். வெளிநாடு சென்ற கணவரின் கைலியைத் துவைக்காமல் கொடியிலேயே விட்டுவைத்திருக்கும் தாய்; இரவில் அதை முகர்ந்துவிட்டு உறங்கப் போகும் சிறுவன். கதை அவ்வளவே. ‘படிப்பினை எங்கே?’ எனச் சிவப்பு மையால் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் பொறுமையின் சிறப்பை ஒரு பக்கம் எழுதிச் சேர்த்திருந்தாள். இடம் போதாமல் கைலியை நீக்கிவிட்டாள். விழாவில் அது வாசிக்கப்பட்டபோது பெண்கள் பகுதியில் பேச்சுச் சத்தம் அடங்கவேயில்லை.

அடுத்த ஆண்டு சூரா யூசுபுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டையுடன் பயணக் கூட்டம் புறப்பட்டதுமே, தொலைவிலிருக்கும் தந்தை மகனின் வாசத்தை உணரும் இடம் வந்தது. மேலே சொல்ல எனக்கு நா எழவில்லை. வகுப்பு முடிந்ததும் அம்மாணவியை அழைத்து, முதலில் எழுதிய தாள் இருக்கிறதா என்று கேட்டேன்.

“அப்போதே கிழித்துவிட்டேன், உஸ்தாத்” என்றாள்.