கை மாறும் கிதார்

பண்டமாற்று என்பது வணிகவியல் பாடநூலின் முதல் அத்தியாயத்தோடு முடிந்துபோகும் செய்தி என்றே கல்லூரி நாள்களில் எண்ணியிருந்தேன். உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்ற உமணர்களை அகநானூறு காட்டுகிறது. பணம் வந்த பின் அம்முறை மறைந்தது. தேர்வில் அதற்கு இரண்டு மதிப்பெண். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், புனே நகரின் கோந்த்வாவில், எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஒரு பண்டமாற்றுப் பேச்சு நடக்கும் என்றோ, அதில் என் வங்கி அனுபவமே சோதனைக்கு உள்ளாகும் என்றோ அன்று நினைக்கவில்லை.

கோந்த்வா வங்கிப் பணியாளர்களுக்குப் புதிய பெயரன்று. 1969இல் ரிசர்வ் வங்கி நிறுவிய தேசிய வங்கி மேலாண்மை நிறுவனம் இங்குதான் இருக்கிறது. அதன் பெயராலேயே என்.ஐ.பி.எம். சாலை என்று ஒரு சாலையும் வழங்குகிறது. பயிற்சிக்கு ஒருமுறை வந்து சென்ற பகுதிக்கே பின்னர் பணிமாற்றம் கிடைத்துக் குடும்பத்தோடு குடியேறினேன். என் மகள் இங்கே கல்லூரியில் படிக்கிறாள். மின் கிதார் வாசிக்கிறாள்.

அவளுடைய கிதார் தொடர் வைப்புக் கணக்கில் பிறந்தது. மாதம் 1,500 ரூபாய் வீதம் 24 மாதங்கள் சேர்த்தாள். பரிசுப் பணமும் மாமா கொடுத்த பணமும் அதில் அடக்கம். குறைந்த சிறு தொகையை நான் சேர்த்து, 38,000 ரூபாய்க்கு வாங்கினோம். மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரு மாலை அவள் கேட்டாள்: "அப்பா, பக்கத்துக் கட்டட அண்ணா தன் கிதாரைக் கொடுத்து என்னுடையதை எடுத்துக்கொள்கிறாராம். மாற்றிக்கொள்ளலாமா?"

'வேண்டாம்' என்ற சொல் என் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. காரணம் என்ன என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

இரண்டு கருவிகள்

கடன் விண்ணப்பத்தைப் பார்ப்பதுபோல் முதலில் விவரங்களைச் சேகரித்தேன். மகளே ஆசிரியை.

அவளுடையது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை. ஃபெண்டர் நிறுவனம் 1954இல் அறிமுகப்படுத்திய வடிவம் அது. தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக்கும் 'பிக்அப்' அதில் மூன்று உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரே கம்பிச் சுருள். ஒலி தெளிவாக, மணி அடித்தாற்போல் இருக்கும். ஆனால் சுற்றிலும் உள்ள மின் இணைப்புகளின் இரைச்சலையும் அது சேர்த்தே வாங்கிக்கொள்ளும்.

அந்த இளைஞருடையது லெஸ் பால் வகை. கிப்சன் நிறுவனம் 1952இல் வெளியிட்ட வடிவம். அந்நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் வடிவமைத்த இரட்டைச் சுருள் பிக்அப்கள் 1957 முதல் அதில் இடம்பெற்றன. இரண்டு சுருள்களும் எதிரெதிராக அமைவதால் இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. ஒலி தடித்து, நீண்டு நிற்கிறது. 'ஹம்பக்கர்' என்று அதற்குப் பெயர். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தந்தி நீளம் 25.5 அங்குலம், லெஸ் பாலில் ஏறத்தாழ 24.75. முக்கால் அங்குலம் குறைவதால், அதே சுருதியில் தந்தியின் இழுவிசையும் குறைகிறது.

இந்த முக்கால் அங்குலத்தில்தான் என் மகளின் ஆசை இருந்தது. ஆறு ஆண்டுகள் வீணை கற்றவள் அவள். கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வாசிப்பாள். அவளுடைய கிதாரில் ஒரு மணி நேரம் வாசித்தால் விரல் நுனி சிவந்துவிடுகிறது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகளுடன் மின் மாண்டலினைக் கர்நாடக இசைக்கு ஏற்றதாக்கினார். மின் கிதாரிலேயே கீர்த்தனைகளை வாசித்துக் காட்டினார் ஆர். பிரசன்னா. இசைக்கேற்பக் கருவி அமையவேண்டும் என்பது அவர்களிடமிருந்து அவள் கற்றது. எதிர்வீட்டு இளைஞருக்கோ, தம் குழுவில் தாளத்தோடு ஒட்டி வாசிக்கத் தெளிவான ஒலி தேவைப்பட்டது. ஜெவன்ஸ் 1875இல் எழுதிய 'தேவைகளின் இருமுகப் பொருத்தம்' கண்முன் நின்றது. பண்டமாற்றில் அமைவதற்கு அரியது என்று அவர் சொன்ன நிலை, இரண்டு கட்டடங்களுக்கு இடையில் தானாகவே அமைந்துவிட்டது.

பிறகு ஏன் எனக்குத் தயக்கம்?

கையில் உள்ளதன் எடை

கனடாவில் பணியாற்றிய பொருளியல் அறிஞர் ஜாக் நெட்ச் 1989இல் ஒரு சோதனையை வெளியிட்டார். மாணவர்களில் ஒரு பிரிவினருக்குக் காப்பிக் குவளையும், இன்னொரு பிரிவினருக்குச் சாக்லேட்டும் கொடுத்தார். சிறிது நேரம் கழித்து, விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். குவளை பெற்றவர்களில் நூற்றுக்கு 89 பேர் குவளையையே வைத்துக்கொண்டனர். சாக்லேட் பெற்றவர்களில் நூற்றுக்கு 90 பேர் சாக்லேட்டை விடவில்லை. தொடக்கத்திலேயே எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று சொல்லப்பட்ட மூன்றாம் பிரிவினரோ ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்தனர். பொருள் கைக்கு வந்துவிட்டது என்பதாலேயே அதன் மதிப்பு மனத்தில் கூடிவிடுகிறது. பின்னாளில், 2017இல், நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் 1980இலேயே இதற்கு 'உடைமை விளைவு' என்னும் பொருளில் ஒரு பெயர் இட்டிருந்தார்.

அதை எங்கள் மீதே சோதித்துப் பார்த்தோம். நானும் மகளும் தனித்தனித் தாளில் இரண்டு தொகைகளை எழுதினோம். இந்தக் கிதாரை விற்பதானால் குறைந்தது எவ்வளவு கேட்போம்? இதே நிலையில் உள்ள இதே கிதாரை அயலார் விற்றால் அதிகம் எவ்வளவு கொடுப்போம்? மகள் எழுதியவை 25,000, 23,000. நான் எழுதியவை 35,000, 20,000.

இடைப்பட்ட 15,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை, சிரித்தாள். எனக்குத் தெரிந்தது. மாதந்தோறும் முதல் தேதி என்னோடு கிளைக்கு வந்து, வரிசையில் நின்று 1,500 ரூபாய் செலுத்திய பன்னிரண்டாம் வகுப்பு மாணவியை நான் விலை போட்டிருந்தேன். கிதாரை மாற்றினால் அந்தப் பிள்ளையும் கைவிட்டுப் போவாள் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது.

கேட்டால் சொல்லலாம்

ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞரின் வீட்டுக்குச் சென்றோம். தேநீர் வருவதற்கு முன்பே அவர் கிதாரைத் திருப்பி, தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தை விளக்கொளியில் காட்டினார். மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. "காகா, இது ஒருமுறை கீழே விழுந்து உடைந்தது. ஒட்டி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்" என்றார். லெஸ் பால் வகையில் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், விழுந்தால் உடையும் இடம் அதுவே. ஒட்டிய கிதாரின் மறுவிற்பனை விலை கணிசமாகக் குறையும். எல்லாம் தெரிந்தே சொன்னார்.

என் மகள் தலை குனிந்திருந்தாள். நானும் பேசவில்லை. எங்கள் கிதாரிலும் ஒரு குறை இருந்தது. கழுத்து மரத்தினுள் ஓடும் எஃகுக் கம்பியை 'டிரஸ் ராட்' என்பார்கள். தந்திகளின் இழுப்பால் கழுத்து வளையாமல் காப்பது அது. புனேயில் மழைக்காலத்து ஈரமும் அதன்பின் வரும் வறட்சியும் மரத்தை மாறிமாறி அசைக்கும். ஒவ்வொரு முறையும் அதன் திருகை முறுக்கி முறுக்கி, இனி முறுக்க இடமில்லை என்னும் நிலைக்கு வந்திருந்தது. சென்ற ஆண்டு அதைச் சொன்ன பழுதுபார்ப்பவருக்குக் கூலி கொடுத்தவன் நான். வெளியே பார்த்தால் தெரியாது. 'கேட்டால் சொல்லலாம்' என்றே வீட்டிலிருந்து புறப்படும்போது எண்ணியிருந்தேன். அவர் கேட்கவில்லை.

அன்றிரவு சட்ட நூலைத் திறந்தேன். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 118ஆம் பிரிவில் 'பரிமாற்றம்' என்பதை வரையறுக்கிறது: இருவர் ஒரு பொருளின் உரிமையை இன்னொரு பொருளின் உரிமைக்காகத் தமக்குள் மாற்றிக்கொள்வது. 120ஆம் பிரிவின் சாரம் இது: கொடுக்கும் பொருளைப் பொறுத்து ஒவ்வொருவரும் விற்பவர், பெறும் பொருளைப் பொறுத்து ஒவ்வொருவரும் வாங்குபவர். கடன் கேட்டு வருபவர் சொத்தின் மீதுள்ள வில்லங்கத்தை மறைத்தால் நான் எவ்வளவு சினம் கொள்வேன்! அன்று மாலை முழுதும் வாங்குபவனாக மட்டுமே நான் அமர்ந்திருந்தேன். விற்பவனுக்குரிய இருக்கை காலியாகக் கிடந்தது.

மறுநாள் காலை மகளே எனக்கு முன் எழுந்து சொன்னாள்: "அப்பா, நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்." நானும் உடன் சென்றேன். சொல்லவேண்டிய பாதி என்னுடையது.

அவர் முகம் சற்று மாறியது, மறைப்பானேன்! சிறிது நேரம் யோசித்துவிட்டு, இரண்டையும் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டலாம் என்றார்.

கைவினைஞர் சொன்னது

புனே கேம்ப் பகுதியில் கிதார் பழுதுபார்க்கும் முதியவர், இரண்டையும் மேசைமேல் கிடத்தினார். ஒரு கண்ணை மூடிக் கழுத்தை நீளவாக்கில் நோக்கினார். ஃப்ரெட் பட்டைகளின் தேய்மானத்தை விரலால் தடவினார். ஆம்ப்ளிஃபயரில் இணைத்து ஒவ்வொரு குமிழாகத் திருகிக் கரகரப்பு உண்டா என்று கேட்டார். ஒட்டிய இடத்தை நகத்தால் தட்டிவிட்டு, வேலை நன்றாக நடந்திருக்கிறது, நிற்கும் என்றார். எங்கள் கிதாரின் திருகுக்கு அடியில் ஒரு வாஷரைச் சேர்த்தால் முறுக்குவதற்கு இன்னும் சிறிது இடம் கிடைக்கும் என்றும், ஆனால் அது என்றைக்குமான தீர்வன்று என்றும் சொன்னார். புதிதாக வாங்கியபோது லெஸ் பால் வகைக் கிதாரே விலை கூடியது. ஒட்டுக்காக அதில் கழித்து, கழுத்துக்காக இதில் கழித்தபோது, இன்றைய நிலையில் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்பது அவர் மதிப்பீடு.

அதன்பின் ஒரு வாரம் இரண்டு வீடுகளிலும் வெள்ளோட்டம். முதல் இரண்டு நாள் என் மகள் புதுமையில் மிதந்தாள். மூன்றாம் நாள் கருவியின் எடை தோளை அழுத்துவதாகச் சொன்னாள். ஐந்தாம் நாள் கல்யாணியை வாசித்தபோது நான் சமையலறையிலிருந்து கேட்டேன். இழுப்பு தயங்காமல் சுரத்தில் போய் நின்றது. ஏழாம் நாள் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "உன்னிடம் கிதாரே இல்லை; கையில் பணம் மட்டும் இருக்கிறது; இரண்டும் ஒரே விலை. எதை வாங்குவாய்?" அவள் யோசிக்கவில்லை. மாற்றிக்கொண்டோம். பணம் கை மாறவில்லை.

கிதார் உலகில் இத்தகைய மாற்றங்களுக்குப் பெயர் பெற்ற ஒரு நிகழ்ச்சியை மகள் சொன்னாள். ஆங்கிலேயக் கலைஞர் பீட்டர் கிரீன், தம் லெஸ் பால் கிதாரை 1970களின் தொடக்கத்தில் இளைஞராக இருந்த கேரி மூருக்குக் கொடுத்தார். மூர் தம்முடைய கிதாரை விற்றுக் கிடைப்பதைக் கொடுத்தால் போதும் என்பதே ஒப்பந்தம். அந்தக் கிதாரின் ஒரு பிக்அப்பில் காந்தம் திசை மாறி இருந்தது. முறைப்படி பார்த்தால் அது குறை. ஆனால் அந்தக் குறையிலிருந்து எழுந்த தனி ஒலியே அதற்குப் புகழ் தந்தது. மூர் 2006இல் அதை விற்றார். 2014 முதல் மெட்டாலிக்கா குழுவின் கர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது. குறையை எடைபோடும் இடத்தில், யாருக்கு, எதற்கு என்ற கேள்வியும் உடன் வரவேண்டும்.

வாடிக்கையாளர்களுக்கு

பழைய வாகனத்தைக் கொடுத்துப் புதியது பெறும்போதும், வட்டி குறைவு என்று வீட்டுக் கடனை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்றும்போதும், வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முறித்து வேறொன்றில் போடும்போதும் நாம் செய்வது இதே பரிமாற்றம்தான். அப்போது நான்கு செயல்கள் உதவும். இரண்டும் கையில் இல்லையென்றால் எதைத் தேர்ந்தெடுப்போம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கே ஆகும் செலவை, அதாவது செயலாக்கக் கட்டணம், முறிவுக்கான வட்டிக் குறைப்பு, பழுதுச் செலவு ஆகியவற்றைத் தனியே எழுதுங்கள். இருதரப்புக்கும் பொதுவான ஒருவரின் மதிப்பீட்டைப் பெறுங்கள். உங்கள் பொருளின் குறையைக் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.

நாங்கள் ஐந்தாவதாக ஒன்றும் செய்தோம். ஒரு தாளில் இரண்டு கிதார்களின் வரிசை எண்கள், அறிவித்த குறைகள், தேதி ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட்டனர். அசல் பற்றுச்சீட்டுகளும் கை மாறின. எங்கள் சீட்டின் பின்புறம், என் மகள் பென்சிலால் 24 கட்டங்கள் வரைந்து, சேமித்த மாதத்துக்கு ஒன்றாக அடித்து வைத்திருந்தாள். அதை ஒளிநகல் எடுத்துக்கொண்டு அசலைக் கொடுத்தேன். நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதற்கு விலை போட எனக்கு விருப்பமில்லை.